கழுத்துப் பட்டை

ஆபீஸில் மேனேஜரைத் தவிர எல்லோர் கழுத்திலும் அந்தப் பாழாய்ப்போன பட்டை. எதைச் சொன்னாலும் அது நாசூக்கான ஆபீஸ் இங்கிலீஷாகத்தான் வெளியே வரும்.

"சுகந்தி, இந்த ஞாயித்துக்கிழமையும் வந்துடுங்க," என்றார் மேனேஜர்.

சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடியாது சார். எம்பொண்ணுக்கு அன்னைக்குக் கபடி ஃபைனல்," என்று கத்தினாள்.

"லெட் மீ சர்க்கிள் பேக்," என்று குழைந்தது பட்டை. அப்புறம் பார்த்துச் சொல்கிறேன் என்று அர்த்தமாம். மேனேஜர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை டியூட்டி லிஸ்டில் அவள் பெயரைப் போட்டுவிட்டார்.

பட்டையைக் கழற்றி டிராயரில் விட்டெறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தவளை மகள் ஓவியா வாசலிலேயே மறித்தாள். "ஞாயித்துக்கிழமை என் மேட்சுக்கு வருவேல்ல?"

வெறுங்கழுத்தோடு நின்ற சுகந்தி, "லெட் மீ சர்க்கிள் பேக்," என்றாள்.

"வரமாட்டேன்னு சொல்லித் தொலையேம்மா," என்று ஜெர்சியைத் தரையில் வீசினாள் ஓவியா.