மைனஸ் பத்து

எலக்ட்ரானிக்ஸ் லேபில் விடைத்தாள் திருத்த அவள் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

இருபத்திரண்டு விடைத்தாள்களில் விடை பத்து. ஒன்றில் மட்டும் மைனஸ் பத்து.

முத்துப்பேச்சி.

பிட் அடித்திருக்கிறாள், சந்தேகமே இல்லை.

செய்முறைத் தேர்வின் கேள்வி சின்னதுதான். பெருக்கியை, அதாவது ஆம்ப்ளிஃபயரை, ஒரு சார்பு மூலமாக வரைந்து, எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை பிளஸ், மைனஸ் குறியோடு எழுத வேண்டும். சார்பு மூலம் தன்னிஷ்டத்துக்கு எதையும் தராது. உள்ளே வருவதைப் பார்த்துத்தான் வெளியே தரும். மைனஸ் என்றால் குறைத்துத் தருகிறது என்றில்லை. பத்து மடங்குதான் தருகிறது, ஆனால் உள்ளே ஏறும்போது வெளியே இறங்குகிறது.

புத்தகத்தில் மைனஸ்தான். இந்த லேபில் மட்டும் ஆஸிலோஸ்கோப் திரையில் உள்ளே போகும் அலையும் வெளியே வரும் அலையும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். பழைய போர்டு, உள்ளே எவனோ வயரை மாற்றி வைத்திருப்பான் என்று அவள் விட்டுவிட்டாள். அதுவும் வசதியாகப் போயிற்று. மைனஸ் போட்டவன் திரையைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்திருக்கிறான்.

மூன்று வருடம் முன்பு இசக்கிராஜாவை அப்படித்தான் பிடித்தாள். துண்டுச்சீட்டு எதுவும் கிடைக்கவில்லை. குறியே போதும் என்று, காப்பியடித்ததாக எழுதிக் கொடுத்தாள். அதன்பிறகு அவன் கல்லூரிப் பக்கமே வரவில்லை.

வெளித் தேர்வாளர் சாப்பிடப் போயிருந்தார். பொழுது போகாமல்தான் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டாள்.

"எதப் பாத்து எழுதுன?"

"ஸ்கோப்பத்தான் மேடம். சந்தேகமா இருந்துச்சு. ஸ்கோப்போட ரெண்டு ப்ரோப் வயரையும் ஒரே எடத்துல மாட்டுனேன். ரெண்டும் ஒண்ணாத்தான ஏறணும்? ஒண்ணு ஏறுது, ஒண்ணு எறங்குது. ஸ்கோப்புதான் திருப்பிக் காட்டுது மேடம்."

என்னமாய்க் கதை விடுகிறாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எழுந்து போய், தானே இரண்டு ப்ரோபையும் ஒரே முனையில் மாட்டினாள்.

ஒன்று ஏறியது. ஒன்று இறங்கியது.

இரண்டாம் சேனலின் கீழே, அலையைத் தலைகீழாகக் காட்டும் பொத்தான், தூசி மூடி, உள்ளே அழுந்திக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள். டக்கென்று வெளியே வந்தது.

திரையில் அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.



"நான் போலாமா மேடம்?"

தலையாட்டினாள்.

இசக்கிராஜாவும் அன்று ப்ரோபைக் கையில் பிடித்தபடி இதே மேஜையருகில்தான் நின்றான். "மேடம், ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க" என்றான்.

அவள் போகவில்லை.