இருநூறு வருடச் சுவர்

ஆற்றங்கரையில் பழமையான வீடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இடிக்கப்போகிறார்கள். தப்பிய வீடுகளின் முன்னால் பலகை நடும் வேலை மாசானத்துக்கு. ஐம்பது வயதில் எழுத்துப் படித்தவன் என்பதால் ஒவ்வொரு பலகையையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் குழி தோண்டுவான். பேராச்சி வீட்டுப் பலகையில், 'இருநூறு ஆண்டுப் பழமையான சுவர்' என்றிருந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அசந்துபோய் நின்றான். போன வெள்ளத்துக்குப் பிறகு அந்தச் சுவரைக் கட்டியதே அவன்தான்.

"என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?" என்றாள் பேராச்சி.

"ஒன் சுவத்துக்கு இருநூறு வயசாம்."

அவள் முகம் வெளிறியது. "ஆபீசர்ட்ட சொல்லிருவீயளா?"

"நான் பூசுன லெச்சணத்துக்கு ஐநூறுன்னு போட்டிருக்கணும்."

மற்றப் பலகைகளுக்கு ஒரு முழம் தோண்டியவன், கை ஓய்ந்துபோயிருந்தும், இதற்கு மூன்று முழம் தோண்டினான்.