பத்தாவது வாசல்

மாரியம்மன் கோயிலிலிருந்து வாசல்களை எண்ணிக்கொண்டே வந்த மருதமுத்து பத்தாவது வாசலில் நிற்கிறான். காஜா பேராங் கிளினிக்கை ஜனங்கள் எவ்வளவு நம்பலாம் என்று கண்டறிய, பத்து வீட்டுக்கு ஒரு வீடாகக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறது சுகாதார ஆபீஸ். வீட்டை மாற்றக் கூடாது. மாற்றினால் கணக்கே பாழ். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் சாயம் போய் சாயங்கால வெயிலில் அசைகின்றன. வேலிக்கு அப்பால், வீட்டிலும் மலாயே பேசும் செட்டிப் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். கதவைத் திறப்பவள் அந்தக் கிளினிக்கின் நர்ஸ், எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் கமலவேணி. நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறவள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருக்கிறாள். கையில் தெர்மாமீட்டர். தானே வாயில் வைத்து, தானே வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நீங்களா மிஸ்ஸி? வேற வழியில்ல, கேட்டுத்தான் ஆகணும்,” என்கிறான். “இந்த வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லாதப்ப, கிளினிக்லேருந்து ஆள் வந்து பார்த்தாங்களா?”

அவள் சிரிக்கப் பார்க்கிறாள், இருமல் வருகிறது. “வர வேண்டிய ஆளே நான்தானே.”

“ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லணும் மிஸ்ஸி.”

“இல்லைன்னு சொன்னா எங்க கிளினிக்குக்குத்தானே கெட்ட பேரு?”

அவன் ஆமாம் என்று தலையசைக்கிறான். வெயில் அவள் கால்விரல்களில் ஏறி நிற்கிறது. வேலிக்கு அப்பால் சிரிப்பு ஓய்கிறது.

“யாரும் வரலைன்னே போடுங்க,” என்று தெர்மாமீட்டரை உதறி மறுபடி வாயில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறாள்.

அடுத்த வாசலிலிருந்து திரும்பவும் ஒன்று என்று எண்ணத் தொடங்க வேண்டும். மருதமுத்து தாளில் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு, சாத்திய கதவைப் பார்த்தபடி பத்தாவது வாசலிலேயே நிற்கிறான்.