இரண்டு பக்கமும் பூ

மதிய வெயில் பத்திரிகை அலுவலகத்தின் கண்ணாடி வழியே இறங்கி, பெரியவர் என் மேசையில் விரித்திருக்கும் நேற்றைய தாளின் மீது விழுகிறது. பறக்கப் போன ‘வீரர்’ பாறையில் இறங்கினார். துணிச்சிறகு கட்டிக்கொண்டு மலையுச்சியிலிருந்து குதித்துச் செத்தவனுக்கு நான் வைத்த தலைப்பு. வீரருக்கு இருபுறமும் மேற்கோள் குறி போட்டதும் நான்தான். சொல்லை விட்டுவைத்து அதன் மானத்தை மட்டும் வாங்க அந்த இரண்டு கீறல் போதும். நேற்று விழுந்து விழுந்து சிரித்த பக்கத்து மேசைக்காரர் இப்போது திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெரியவர் செத்தவனுடைய அப்பா, தையல்காரர். சட்டைக் கையில் நீல நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. செய்திப் படத்தில் பாறைமேல் கிடக்கும் துணியும் அதே நீலம். “எல்லாரும் கிறுக்கன்னுதான் தம்பி சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் வீரர்னு போட்டீங்க.” ஊசி குத்திக் காய்த்த விரல் அந்தச் சொல்லைத் தடவுகிறது. “அதுவும் ரெண்டு பக்கமும் பூ வெச்ச மாதிரி.” நாற்காலியைக் காட்டுகிறேன், உட்காரவில்லை. மடித்த காகிதம் ஒன்றைப் பிரித்து என் பக்கம் நகர்த்துகிறார். நாளைய தாளுக்கான இரங்கல் அறிவிப்பு, பென்சில் எழுத்து. மகன் பெயருக்கு முன்னால் ‘வீரர்’ என்று இருக்கிறது. இரண்டு குறிகளையும் அழித்து அழித்து, நேராக வரும்வரை போட்டிருக்கிறார். “அது ரெண்டும் விட்டுப்போகாம பாத்துக்குங்க தம்பி.”