உச்சியில் ஓர் இறுக்கம்

ஹாலித் நாற்பத்தோராவது முறையாகக் கயிற்றை இழுத்தான். இன்ஜின் ஒரு விக்கல் விட்டு அடங்கியது.

அதற்குமேல் எண்ணுவது தனக்குத்தான் அவமானம் என்று எண்ணுவதை விட்டான். இழுப்பதை விடவில்லை.

ஜும்மா முடிந்து வந்தவன், பிரியாணியைக்கூட ஆற அமரச் சாப்பிடாமல் பின்வாசல் தரையில் உட்கார்ந்தது. இதோ, சாயங்கால அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். முழங்கை நீளமே இருக்கும் அந்த ரிமோட் டிரக், நாலு சக்கரத்தையும் பரப்பிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா போல அவனையே பார்த்தது.

பொம்மை என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். இது பேட்டரி வண்டி இல்லை. நைட்ரோ கலந்த எண்ணெயைக் குடித்துப் புகை கக்கும் நிஜ இன்ஜின், எலுமிச்சம்பழ அளவில்.

இரண்டு வருஷமாகக் கொள்ளிடம் மணலில் ஸ்ரீரங்கத்து ரஞ்சித்தின் டிரக் இவன் டிரக் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வயசு ஆள் இதற்காகத் தூக்கம் கெட்டான் என்றால் ஊர் சிரிக்கும். கெட்டான். அதனால்தான் பெரிய இன்ஜின் மாற்றுவதென்று முடிவெடுத்து, மச்சான் இம்தியாஸிடம் எட்டு மாதம் நச்சரித்து, துபாயிலிருந்து சட்டைகளுக்கு நடுவில் சுற்றி வரவழைத்தான்.

செவ்வாய்க்கிழமை இன்ஜின் வந்தது. அவனுடைய கடையில் ஒரே கூட்டம்; பெட்டியைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. இன்றைக்குத்தான் எடுத்து மாட்டினான்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. புது இன்ஜினை எடுத்த எடுப்பில் விரட்டவும் முடியாது. ஆறு டேங்க் மெதுவாக ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆறவிட்டுப் பழக்க வேண்டும். இன்று கிளம்பாவிட்டால் ஞாயிறு கைவிட்டுப் போகும்.

பிளக்கை மாற்றினான். எண்ணெயை மாற்றினான். எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகைக் கால் சுற்றுத் திறந்தான், கால் சுற்று மூடினான். எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெயின் வாடை வீட்டுக்குள் போயிற்று. அடுப்படி ஜன்னலை அவன் மனைவி மஹ்ஜபீன் சாத்திய சத்தத்திலேயே அவளுடைய அபிப்பிராயம் தெரிந்துவிட்டது.

இத்தனைக்கும் சாட்சியாக, பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தா. பஷீர் அகமது. பாலக்கரைப் பட்டறையில் முப்பத்தாறு வருஷம் லாரி இன்ஜின் பிரித்தவர். மகனுடைய இன்ஜினை ஒரு நாளும் இன்ஜின் கணக்கில் சேர்க்காதவர். மதியத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனமே ஹாலித்துக்குக் கிண்டலாகப் பட்டது. பேசித் தொலைத்தால்தான் என்ன?

வண்டியைக் கவிழ்த்து, அடியில் தெரிந்த, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் குட்டிச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தான். அது பாட்டுக்குச் சுற்றியது.

மறுபடியும் சுற்றினான். எங்கேயும் பிடிக்கவில்லை.

இந்த ரக இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இப்படி லேசாகச் சுற்றவே கூடாது. பிஸ்டன் உச்சிக்கு ஏறும்போது கைக்கு அடங்காமல் இறுகிப் பிடிக்க வேண்டும். சூடேறினால் அதுவே இளகிக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் உயிர். அது போய்விட்டால் உள்ளே காற்றின் அழுத்தம் நிற்காது, தீ பிடிக்காது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

எவனோ ஓட்டித் தேய்ந்ததைப் புதுசு என்று மச்சான் தலையில் கட்டிவிட்டான்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஹாலித் போனை எடுத்தான். இம்தியாஸுக்கு வாய்ஸ் மெசேஜ். துபாய்க் கடைக்காரனில் தொடங்கி, பார்த்து வாங்கத் தெரியாத மச்சானின் கண் வரைக்கும் வந்துவிட்டான்.

"மச்சானைத் திட்டாதப்பா. பிஸ்டன் மேல போறப்ப பிடிச்சுச்சு. ரெண்டு நாளா, நீ கடைக்குப் போனதும் பிரிச்சு வச்சு, உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சு விட்டேன். இப்பப் பாரு, பூ மாதிரி சுத்துது" என்றார் அத்தா.

போனில் அழுத்தியிருந்த ஹாலித்தின் விரல் தானாகப் பக்கவாட்டில் நழுவியது. மெசேஜ் போகவில்லை.

லாரிக்காரருக்குப் பிடித்துக்கொண்ட பிஸ்டன் என்றால் பழுது. முப்பத்தாறு வருஷம் தேய்த்துத் தேய்த்து விடுவித்தவர். இதையும் விடுவித்துவிட்டார். எட்டு மாதக் காத்திருப்பை, ஞாயிற்றுக்கிழமையை, எல்லாவற்றையும்.

வாய் நிறையக் கேட்கத்தான் திரும்பினான். யாரைக் கேட்டு இதில் கை வைத்தீங்க?

அத்தா குனிந்து, தன் வேலையை மகனுக்குக் காட்டுவதற்காக அந்தச் சக்கரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துச் சுற்றினார்.

வலது கை.

போன ரமலானில் பக்கவாதம் வந்த பிறகு ஒரு டம்ளரைப் பிடிக்காத கை. பயிற்சி கொடுக்க வந்த மூன்று பேரையும் அத்தா விரட்டியிருந்தார். ஹாலித் தினமும் அந்த உள்ளங்கையில் ரப்பர் பந்தை வைத்து மடக்குவான். பந்து தரையில் உருளும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது அந்த விரல் இடுக்கெல்லாம் கறுப்பு ஏறியிருந்தது.

கடுகளவு ஸ்க்ரூ நாலு. அவற்றைக் கழற்ற அந்தக் கைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

உள்ளே அலமாரியில், காலையில் கழற்றிய பழைய இன்ஜின் இருந்தது. திரும்ப மாட்ட அரைமணி நேரம் போதும். ஜெயிக்காது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஓடும்.

எழுந்து போய் எடுத்து வந்தான். ஒரு தடவை விரலால் சுற்றிப் பார்த்தான். உச்சியில் இறுகிப் பிடித்தது. ஒரு குறையும் இல்லை.

அதை அத்தாவின் மடியில் வைத்தான்.

"இதுவும் மேல போறப்ப பிடிக்குது, அத்தா."