இனிமே வரவேணாமாம்

டாக்டர் அதே கேள்வியை இரண்டாவது தடவையாக அவளிடம், செண்பகவல்லியின் அம்மாவிடம், கேட்டார்.

"இந்த ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு வருஷா வருஷம் கேமரா விட்டுக் குடலைப் பார்க்கணும். யாருமே சொல்லலையா?"

மகள் செண்பகவல்லி கட்டிலில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மூத்திரப்பை வயிற்றுக்கு வெளியே திறந்து கிடக்கப் பிறந்தவள். மூன்று வயதில் மூத்திரக் குழாய்களைப் பெருங்குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். பிள்ளை பிழைத்ததே, அது போதும் என்றிருந்தது அப்போது.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, தைத்த அதே இடத்தில் கட்டி.

நாலு மாசமாக ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். புற்றுநோய்.

மகளே பதில் சொன்னாள். கல்யாணம் வரைக்கும் வருஷம் தவறாமல் வந்தோம், அதற்கப்புறம் தேவையில்லை என்று அப்போதிருந்த டாக்டர்தான் சொன்னார், அம்மா போய்க் கேட்டு வந்தாள் என்றாள்.

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மகளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு இவள் மட்டும் உள்ளே போனாள். எங்கே கட்டிக்கொடுத்தாலும் இந்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள் என்று அந்த மனுஷன் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

வெளியே வந்து, "இனிமே வரவேணாமாம்" என்றாள்.

வேறென்ன செய்வாள்? வயிற்றுத் தழும்பைக் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லித்தானே சம்பந்தம் பேசியிருந்தாள். வருஷா வருஷம் மதுரை ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று மாப்பிள்ளை கேட்க மாட்டாரா? தெரிந்தால் மறுநாளே கொண்டுவந்து விட்டுவிடுவார்களே.

பதினோரு வருஷம் ஓடிப்போயிற்று.

வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், எல்லாவற்றையும் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார் டாக்டர்.

அவள் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கட்டியை மட்டும் சொல்லுங்க, பழசைச் சொல்லாதீங்க, என் பிள்ளை வாழணும் என்று கெஞ்சினாள். இந்த நேரத்திலும் அதைத்தான் கெஞ்சினாள், பாவி.

"விடும்மா. அவருக்குத் தெரியும்" என்றாள் மகள்.

கல்யாணமான மூன்றாம் நாளே சொல்லிவிட்டாளாம். அதனாலென்ன என்றாராம் மாப்பிள்ளை கதிரேசன். எனக்குத் தெரியும் என்று அத்தையிடம் சொல்லிவிடாதே, சங்கடப்படுவாங்க என்றாராம்.

அவள் டாக்டரின் கையை விட்டாள்.

கதிரேசன் உள்ளே வந்தார். அவள் நிற்பதைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய ரிக்கார்டு கிடைத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதும் போனைக் கையில் எடுத்தார்.

"போதும்னு சொன்ன டாக்டர் பேரு என்ன அத்தை? இப்பவே விசாரிச்சிடுறேன்."

குரலில் கோபமே இல்லை.

செண்பகவல்லியும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.