கீழ்வீட்டுப் புகை

மார்லா மண்ணணையின் அடிவாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கசிந்த தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

தெளிவாக இருந்தது. கலங்கியிருந்தால்தான் ஆபத்து, அணை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம்.

பக்கத்தில் நின்ற டெல்மர் ஜாடியைப் பார்க்கவில்லை. அணை அவருடையதுதான்; அறுபது வருடத்துக்கு முன்னால் மாடுகள் தண்ணீர் குடிக்க அவருடைய அப்பா கட்டியது. ஆனால் அவர் கண் ஓடைக்கரையில், கீழே இருந்த ராய்ஸின் வீட்டின் மேலேயே இருந்தது. புகைபோக்கியில் புகை. கொடியில் இரண்டு சட்டை.

"ராய்ஸ் இன்னும் அங்கதான் இருக்காரா?" என்று கேட்டாள் மார்லா.

"வேற எங்க போவான்? ஊர்ல ஒருத்தனோடயும் பேசமாட்டான். கதவைத் தட்டிடாதம்மா, கடிச்சு வச்சிடுவான்."

அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. அணை உடைந்தால் அடித்துப்போக ஓர் ஆளாவது கீழே இருந்தால், அணைப் பாதுகாப்பு அலுவலகம் சோதனைக்கு வருடாவருடம் மார்லாவை அனுப்பும். இல்லையென்றால் அந்த அணையின் கோப்பை மூடிவிடும்.

மற்ற அணைக்காரர்கள் கீழே ஆளே கிடையாது என்று வாய் கூசாமல் சாதிப்பார்கள். ஆள் இருந்தால் மரத்தை வெட்டு, குழாயை மாற்று என்று செலவு தலையில் விடியும். டெல்மர் மட்டும் போன வருடம் அவள் சொன்னதையெல்லாம், இருந்த நாலு மாட்டையும் விற்று, முணுமுணுக்காமல் செய்து முடித்திருந்தார்.

மார்லா எழுந்து சரிவை நோட்டம் விட்டாள். மண்ணைப் பார்த்தே பிழைப்பவள்; அவள் கண்ணில் மண்ணைத் தூவுவது லேசில்லை.

அணை மேலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று புல்லைத் தேய்த்துக்கொண்டு இறங்கி, நேரே ராய்ஸின் வாசலில் போய் நின்றது. அந்த வாசலிலிருந்து சாலைக்குப் போகும் வழியில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

ஜாடித் தண்ணீரைப் புல்லில் கொட்டினாள்.

"டெல்மர், இந்தப் பாதையில இப்படி தினம் நடக்காதீங்க. மழைத் தண்ணி அதுவழியா இறங்கி அணையை அரிச்சிடும்."

"காப்பி போட்டு வச்சிருக்கேன். வால்நட் கேக்கும் இருக்கு," என்றார்.

"இன்னும் மூணு அணை பாக்கணும்."

படிவத்தை நிரப்பி, அவருடைய நகலைக் கிழித்து நாலாக மடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் டெல்மர் பாதையில் இறங்கினார். ராய்ஸ் செத்து இரண்டு வருடமாகிறது. காலையில் தானே மூட்டிய அடுப்பைத் தண்ணீர் தெளித்து அவித்தார். கொடியில் கிடந்த தன் சட்டைகளை எடுத்துக்கொண்டார்.

வருடத்தில் ஒரு நாளாவது யாராவது வந்து தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பிறகுதான் தாளைப் பிரிக்கத் துணிந்தார்.

கீழே வசிப்பவர்: எவருமில்லை.

இனி யாரும் வரப்போவதில்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் கழித்துத்தான் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது.

மேலே ஒருவர் இருக்கிறார். அக்டோபரில் மறுபடி வந்து பார்க்க வேண்டும்.

சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதையை விட்டு விலகி, புல்லில் நடந்து மேலே ஏறினார்.